ரூபிணி இல்லாத இடது மூலை

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. கழுத்தில் விசில் தொங்கும். பேர் பிலோமினா. மலைமேல் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து கோச். சிஷ்யை, அணியின் கேப்டன் குழலி. கடைசி வருஷம் படிக்கிறவள்.

மறுநாள் சாயங்காலம் நாக்-அவுட் மேட்ச். ஜெயித்தால் அரையிறுதி. தோற்றால் குழலிக்கு அதுதான் கடைசி ஆட்டம். இந்த நேரம் பார்த்து ரூபிணிக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ரூபிணி என்றால் சும்மாவா! ஆறடி உயரம். அணி எடுக்கிற புள்ளிகளில் பாதி அவளுடையது.

"மிஸ், அவ இல்லாம நாம தேறுவோமா?"

"நீ என்ன நினைக்கிற?"

"இன்னிக்கு பிராக்டிஸ்ல பாத்தீங்கல்ல? பந்து தானா இடது மூலைக்குப் போகுது. அவ நிக்கிற இடம். அங்க ஆளே இல்ல, கோட்டுக்கு வெளிய போய் விழுது. நானே ஒம்போது தடவ அப்படிப் போட்டேன். பயமா இருக்கு மிஸ்."

"காலைல ஆறு மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வா."

வந்தார்கள். மூடுபனியில் மைதானமே காணோம். கூடை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. நீட்டிய கை மணிக்கட்டோடு மறைந்தது.

"மிஸ், ஒண்ணுமே தெரியல!"

"தெரிய வேணாம். ஆடுங்க."

பந்து எழும்பிப் பனிக்குள் கரைந்தது. கொஞ்சம் கழித்து வேறெங்கோ தரையில் தட்டியது. யார் ஓடுகிறார்கள், யார் நிற்கிறார்கள், எதுவும் புரியவில்லை. கனவில் ஓடுகிற மாதிரி இருந்தது. முதலில் ஒருத்திமேல் ஒருத்தி முட்டிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். இடது மூலை எந்தப் பக்கம் என்பதே குழலிக்கு மறந்துபோயிற்று. குரல் வந்த பக்கம் பந்தை விட்டாள்.

"அக்கா, இங்க!" வலப்பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல்.

குழலி அந்தக் குரலுக்குப் பந்தைப் போட்டாள். வாங்கியவள் கூடைக்கு எறிந்த பந்து வலையில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, இங்க!"

மறுபடியும் வலை. அடடா, என்ன இனிமையான சத்தம் அது!

ஏழு மணிக்குப் பனி விலகியது. கூடைக்கு வலப்பக்கம் எஸ்தர் நின்றிருந்தாள், புருவமெல்லாம் பனித்துளி. ஆடுகிற ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. இதற்கு முன் அவளுக்குப் பந்து கொடுத்ததாகக் குழலிக்கு ஞாபகமே இல்லை.

"நீயாடி? அங்க எப்ப வந்த?"

"ரெண்டு வருஷமா இங்கதான்க்கா நிக்கிறேன். தினமும் கூப்பிடறேன்."

குழலிக்கு வெட்கமாகப் போயிற்று. பந்தை இடுக்கிக்கொண்டு கோச் பக்கத்தில் வந்து நின்றாள். சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்தே இருந்தன.

"சாயங்காலம் உள்ளரங்கம் மிஸ். பனி இருக்காது. இடது மூலை பளிச்சுனு தெரியுமே?"

பிலோமினா விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியட்டுமே. கண்ணு தெரிஞ்சா காது கேக்காதாடி?"