கழுவிய அண்டா

வேதரத்தினம் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்றுவிட்டு, தையல்நாயகி அம்மாளின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் படித்து, அவர் பாடத்திலேயே தோற்றவர்.

வந்த அன்றே கேட்டார். "அம்மா, முதல் செல் எப்படி வந்தது? வெந்நீர்க் கடல், மின்னல், நுரைன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போட்டேன். எனக்கே நம்பிக்கை வரல."

"தயிருக்கு உறை ஊத்தத் தெரியுமா சார்?" என்றார் குரு.

அன்று அடுக்களைக்குள் போனவர்தான். மூன்று வருடம் ஆகிவிட்டது. எப்போது கேட்டாலும் குருவிடம் ஒரே பதில். "உறை ஊத்தியாச்சா சார்?"

மடத்துத் தயிருக்கு ஒரு பெருமை உண்டு. நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் மடத்தை நிறுவியவர் ஊற்றிய உறை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி, இன்றைய பாலுக்கு. வெளி உறை சேர்ப்பதே இல்லை. பாதயாத்திரை போகிறவர்கள் அந்த மோருக்காகவே நின்றார்கள்.

தை மாதக் கூட்டம். "அண்ணே, இன்னொரு டம்ளர்." "ஐயா, உப்பு தூக்கல்." "சாமி, புள்ளைக்கு ஒரு வாய்." வேதரத்தினத்துக்குக் கை ஓய்ந்தது, இடுப்பு விட்டுப்போனது. கடைசி டம்ளரையும் கொடுத்துவிட்டு, அண்டாவைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் நினைவு வந்தது. உறைக்கு எடுத்து வைக்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். குரு வெந்நீரில் காலை ஊறவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் கிளம்பறேம்மா."

"எங்க?"

"தெரியல. அண்டாவைக் கழுவிட்டேன். நூத்தி நாப்பது வருஷம், என் கையில அறுந்துபோச்சு. இனிமே எந்த முகத்தோட இங்க இருக்கறது? அசதியா இருக்கு."

"எனக்கும்தான் சார்." குரு கொட்டாவி விட்டார். "பால் இருக்கா?"

"பால் இருக்கு. உறைக்கு எங்க போறது?"

"பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டு கிள்ளி, வெதுவெதுப்பான பால்ல போட்டு மூடி வைங்க. உறையுதான்னு பாத்துட்டுப் போங்க."

மறுநாள் இருவரும் மூடியைத் திறந்தார்கள். தளர்வாக, லேசான மிளகாய் வாசனையோடு உறைந்திருந்தது. குரு விரலால் தொட்டு நக்கினார்.

"தயிர்தானே?"

"தயிர்தான். ஆனா நம்ம தயிர் இல்லம்மா."

"பின்னே யாரோடது?"

"காம்புல ஒட்டியிருந்த பாக்டீரியாவோடது."

"காம்புக்கு அது எங்கேர்ந்து வந்தது?"

"செடி, மண்ணு, காத்து..."

"அதுக்கும் முன்னாடி?"

"ஒவ்வொண்ணும் ஒரு தாய் செல் ரெண்டா பிரிஞ்சு வந்ததுதான். அந்தத் தாய்க்கு ஒரு தாய். பின்னால போய்க்கிட்டே இருக்கும். முந்நூத்தம்பது கோடி வருஷம், அதுக்கும் மேல."

"அப்புறம்?"

"அங்க ஒரு செல். அதுக்கு அந்தப் பக்கம் என்னன்னுதான் மூணு வருஷமா உங்களைக் கேக்கறேன்."

"அது எனக்குத் தெரியாது சார். உங்க பாடத்துல ஃபெயிலானவதானே நான். இந்தப் பக்கத்தை மட்டும் சொல்லுங்க. இத்தனை வருஷத்துல, நடுவுல ஒரு நாளாவது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போயிருந்தா காம்புல ஒண்ணும் இருந்திருக்காது. நீங்களும் இல்ல, நானும் இல்ல."

குரு புதுத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். வேதரத்தினம் பையைத் தோளில் மாட்டியபடியே அதை வாங்கிக்கொண்டார்.

"அப்போ உங்க கையில என்ன சார் அறுந்துபோச்சு?"