வெளிறிய சேறு

“என் தீசிஸ்ல கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன தயக்கம், மேடம்?” என்று கேட்டேவிட்டார் கோமதிநாயகம்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர். நாற்பது தாண்டியபின் வேலையை உதறிவிட்டுக் கடலடிச் சேற்றைப் படிக்க வந்தார். குரு ஷமீமாவைவிட வயதில் மூத்தவர். சீடன் என்று வந்த பிறகு வயதென்ன வயது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் இன்று மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை கடைசி நாள். கையெழுத்து விழாவிட்டால் இத்தனை வருஷப் பாடும் வீண்.

பேராசிரியர் ஷமீமா அவர் நீட்டிய புகைப்படத்தைப் பார்த்தார். கடலடியில் நீளக் குழாயைக் குத்தி எடுத்து, நெடுக்காகப் பிளந்த சேறு. மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. நடுவில் ஒரு பட்டை மட்டும் வெளிறிக் கிடந்தது.

“இங்க என்ன ஆச்சு, சார்?”

“பஞ்சம், மேடம். கடல் செழிச்சிருந்தா, செத்த உயிரெல்லாம் கீழ விழுந்து சேத்துல கார்பனாத் தங்கும். மத்த இடமெல்லாம் கருகருன்னு இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல. திரும்பத் திரும்ப அளந்துட்டேன்.”

“அளவு சரிதான். வாங்க, சாப்பிடப் போவோம்.”

இதெல்லாம் ஒரு பதிலா? கோமதிநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பின்னாலேயே போனார்.

கேண்டீனில் அன்று மீன் குழம்பு. ஷமீமா மறுசோறு வாங்கினார். ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம் என்று இன்னும் வாங்கினார். கடைசியில் தட்டை வழித்துத் துடைத்துவிட்டார்.

எதிரே கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இந்தக் கவலையில் சோறு எங்கே இறங்கும்?

ஷமீமா இரண்டு தட்டையும் சேர்த்து வைத்தார்.

“இப்ப ஒருத்தர் புதுசா வர்றார். நம்மளப் பாக்கல, தட்டை மட்டும் பாக்குறார். யாருக்கு நிறைய பரிமாறினாங்கன்னு சொல்வார்?”

“எனக்குன்னுதான். என் தட்டுலதானே சோறு...”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தட்டையே பார்த்தபடி கேட்டார்: “கடலடியில யார் மேடம் சாப்பிடுவா?”

“நீங்கதான் சேத்தைப் பாக்காமலே இடிச்சுப் பொடியாக்கி மெஷின்ல போட்டுட்டீங்களே.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வகுப்பில் எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பார்! கையைக் கழுவிக்கொண்டு குளிரறைக்கு ஓடினார். பிளந்த சேற்றின் மறுபாதி அங்கே தொடாமல் இருந்தது.

லென்ஸை வைத்துப் பார்த்தார். கருத்த சேறு அடுக்குக் கலையாமல் கிடந்தது. அதில் ஒரு துளை இல்லை. வெளிறிய பட்டையிலோ பொடிப்பொடியாக வளைகள், வளைக்குள் வளை. புழுக்கள் துளைத்துத் தின்றுவிட்டுப் போன தடம்.

இவ்வளவு நாளும் இதைப் பார்க்காமல் விட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட சந்தோஷமாக இருந்தது. புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்.

“பஞ்சமே இல்ல, மேடம். விருந்து நடந்திருக்கு. அப்படியே மாத்தி எழுதிடறேன்.”

ஷமீமா சிரித்தார்.

“காலித் தட்டை மட்டும் பாத்து, நான் எத்தனை தடவை சோறு வாங்கினேன்னு சொல்ல முடியுமா, சார்?”

கோமதிநாயகம் யோசித்தார்.

“முடியாது, மேடம். எவ்வளவு விழுந்துச்சுன்னு இந்தச் சேத்தை வச்சும் சொல்ல முடியாது.”

“அதை எழுதுங்க,” என்று பேனாவைத் திறந்தார் ஷமீமா.