முள்ளம்பன்றி திருப்பிப் போட்ட ஏடு

ஒரு காட்டில், இரண்டு ஆறுகள் வந்து கூடுகிற இடத்தில், ஈட்டியப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். காட்டுக்கு ஏடு எழுதுவது அவன் வேலை. எழுதுகோலுக்காக அவன் எங்கும் அலைய வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினால் போதும். எழுதிய இலைகளை வைக்கப் பெட்டியும் வேண்டாம். அதே முதுகில் குத்தி வைத்துக்கொள்வான்.

ஆளுக்கு ஒரு தேக்கிலை. மேலே பெயர், கீழே வீடு. முயல் வெள்ளைச்சி எங்கே என்று யாராவது கேட்டு வாய் மூடுவதற்குள், "வெள்ளைச்சி: பாறை இடுக்கு" என்ற இலையை எடுத்து நீட்டிவிடுவான். ஒருவர் பெயரை இன்னொருவர் வைக்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். அதனால் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஓர் இலைதான் வரும். ஈட்டியப்பனுக்கு அதில் பெருமை தாங்காது. நடக்கும்போதே முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஐப்பசி பிறந்தது. நான்கு நாள் மழை விடவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரு நாரை பறந்து வந்து, மேற்கே ஆற்றங்கரை உடைந்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் வெள்ளம் காட்டுக்குள் புகுந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

பறவைகளுக்கு என்ன கவலை? சிறகு இல்லாத அறுபத்து மூன்று பேரைத்தான் மேட்டுப்பாறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கம்மாள் என்ற யானை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். போன வருஷம் எல்லோரும் முண்டியடித்து ஏறியதில் ஒரு கீரிக்குட்டி நசுங்கப் பார்த்தது. ஆகவே அவரவர் வீட்டிலேயே காத்திருக்க வேண்டும், இலையில் பெயர் வந்தவர் மட்டும் ஏற வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை இம்மியளவும் மாற்றாதவள் அங்கம்மாள்.

இலைகளை வாசித்துச் சொல்ல மரகதம் என்ற மைனா அவளுடைய தலையின்மேல் உட்கார்ந்து போனாள். முதல் இலை அவர்களைக் கிழக்குக் கோடிக்கு இழுத்தது. இரண்டாவது இலை மேற்குக் கோடிக்கு. மூன்றாவது மறுபடியும் கிழக்கே, முதலில் போன வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கே. இப்படி அலைந்ததில் நடுப்பகல்வரை மூன்றே பேர்தான் கரை ஏறியிருந்தார்கள்.

அங்கம்மாள் மூச்சிரைக்க ஈட்டியப்பனிடம் வந்தாள்.

"தம்பி, உன் ஏட்டை வச்சுக்கிட்டு நான் செத்தேன். யாரு எங்க இருக்காங்கன்னு எனக்கு வேண்டாம். எந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு எழுதிக் கொடு. வீட்டு வரிசையா போய் ஏத்திட்டு வந்துடறேன்."

"இவ்வளவுதானேக்கா? மேல இருக்கறது கீழ, கீழ இருக்கறது மேல. சொடக்குப் போடற நேரம்," என்றான் ஈட்டியப்பன்.

மிச்சம் இருந்த அறுபது இலைகளையும் மரகதம் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஈட்டியப்பன் புதிய இலையில் வீட்டை மேலேயும் பெயரைக் கீழேயும் எழுதினான். முதலில் யார் பெயரை எழுதினான் என்கிறீர்கள்? தன் பெயரைத்தான். பந்திக்கு முந்து என்பார்களே, அதை அவன் ஏட்டுக்கும் வைத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் வெள்ளைச்சியின் இலை வந்தது. "பாறை இடுக்கு: வெள்ளைச்சி" என்று எழுதினான். அப்புறம் கீரி செவந்தியின் இலை வந்தது. அவளுக்கும் அதே பாறை இடுக்குதான் வீடு. ஈட்டியப்பன் யோசிக்கவில்லை. நகத்தால் வெள்ளைச்சியைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் செவந்தியை எழுதினான். பிறகு உடும்பு உலகனும் பாறை இடுக்கு என்று வர, செவந்தியும் சுரண்டலில் போனாள்.

மரகதத்துக்குச் சும்மா இருந்தால் வாய் அரிக்கும்.

"அண்ணே, ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேரு இருக்காங்களே. பக்கத்துல பக்கத்துல எழுதக் கூடாதா?"

"ஒரு இலைக்கு ஒரு பேரு. இத்தனை வருஷமா அப்படித்தான் எழுதறேன். நெருக்கி நெருக்கி எழுதினா ஏடு பார்க்கச் சந்தை மாதிரி இருக்கும்."

"ஐம்பத்தொன்பது இலை வாசிச்சேன் அண்ணே. நீங்க எழுதினதுல முப்பத்தெட்டுதான் இருக்கு."

"பாரம் குறைஞ்சதுன்னு சந்தோஷப்படு," என்றான் ஈட்டியப்பன்.

கடைசி இலை சுருளியுடையது. உடம்பெல்லாம் செதிலாக, தொட்டால் பந்தாகச் சுருண்டுவிடும் அழுங்கு அவன். எதற்கும் கடைசியாக வருவான். வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிசயம். அவனுடைய வீட்டை மரகதம் வாசித்தபோது அது ஈட்டியப்பனின் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. கை ஓடிய வேகத்தில் சுரண்டினான், எழுதினான், இலைக்கட்டைத் தூக்கி மரகதத்திடம் கொடுத்தான். பழைய இலைகளை வழக்கம்போல முதுகில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காத்திருந்தான்.

திருப்பிய ஏடு பிரமாதமாக வேலை செய்தது. அங்கம்மாள் வரிசையாக வீடு வீடாகப் போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். அவளுடைய காலடி அதிர்வதைக் கேட்கக் கேட்க, பொந்துக்குள் ஈட்டியப்பனின் முட்கள் ஆனந்தமாகச் சிலிர்த்தன. அதே பொந்தின் பின்பாதியில் குடியிருந்த சுருளி ஒரு மூலையில் பந்தாகக் கிடந்தான்.

பொழுது மேற்கே இறங்கும்போது வெள்ளம் பொந்தின் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கம்மாளும் வந்து நின்றாள். மரகதம் இலையை வாசித்தாள்.

"புளியமரத்துப் பொந்து: சுருளி."

சுருளி உருண்டு வந்து தும்பிக்கையில் ஏறினான். பின்னாலேயே ஈட்டியப்பனும் காலைத் தூக்கினான்.

"நீ இரு தம்பி, உன் இலை பின்னால வரும்," என்றாள் அங்கம்மாள்.

"இன்னும் எத்தனை இலை இருக்கு?"

"இதுதான் கடைசி அண்ணே," என்றாள் மரகதம்.

ஈட்டியப்பன் அந்த இலையை வாங்கி உற்றுப் பார்த்தான். சுருளியின் பெயருக்கு அடியில், சுரண்டியும் முழுதாகப் போகாமல், ஈட்டியப்பனின் பெயருடைய வால் தெரிந்தது. அவன் முள்ளால் எழுதியது, அவன் நகத்தாலேயே அழிந்திருந்தது.

அங்கம்மாளும் எட்டிப் பார்த்தாள். "அட, உன் பேரு விட்டுப்போச்சா? சரி, எழுதினவன் நீயே நிக்கறப்ப எனக்கு இலை எதுக்கு? ஏறு."

ஏறியிருக்கலாம். மேட்டுப்பாறையில் போய் உட்கார்ந்துகொண்டு, பழியை வெள்ளத்தின் தலையில் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்குப் பாறை இடுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அங்கம்மாளைக் கேட்டான்.

"அக்கா, பாறை இடுக்குல யாரை ஏத்தினீங்க?"

"உலகனை. மத்தவங்களும் கேட்டாங்க. உங்க இலை பின்னால வரும்னு சொல்லிட்டு வந்தேன்."

"வராதுக்கா. நான் சுரண்டிப் போட்டுட்டேன். என்னோட சேர்த்து இருபத்திரண்டு பேரு. எல்லாம் என்னாலதான்."

அங்கம்மாளின் காது இரண்டும் கோபத்தில் விரிந்தன. ஆனால் கோபித்துக்கொள்ளத் தண்ணீர் நேரம் கொடுக்கவில்லை. ஈட்டியப்பனைத் தூக்கிப் பிடரியில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள்.

ஓடுகிற யானையின்மேல் உட்கார்ந்து ஈட்டியப்பன் எழுதினான். முதுகிலிருந்து பழைய இலையைப் பிடுங்குவான், பெயரைப் பார்ப்பான், வீட்டைப் பார்ப்பான், அந்த வீட்டின் புதிய இலையில் இருந்த பெயருக்குப் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு அதையும் எழுதுவான். ஓர் இலையில் ஐந்து பெயர்கள், ஓரத்தில் ஒன்று தலைகீழாக. யாரையும் சுரண்டவில்லை.

"கொஞ்சம் மெதுவா மூச்சு விடு தம்பி, பிடரியில குத்துது," என்றாள் அங்கம்மாள்.

"மூச்சே விடலைக்கா," என்றான் அவன்.

பாறை இடுக்கில் வெள்ளைச்சி கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அவள் தலையைப் பற்றிக்கொண்டு செவந்தி தொங்கினாள். யானையைக் கண்டதும் வெள்ளைச்சி, "எங்க இலை வந்துடுச்சா?" என்று ஆவலாகக் கேட்டாள். ஈட்டியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர்களை ஏற்றிக்கொண்டு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று மரகதம் வாசித்த பெயரையெல்லாம் தேடித் தேடித் தூக்கினாள் அங்கம்மாள். வெளிச்சம் மங்குவதற்குள் அறுபத்து மூன்று பேரும் மேட்டுப்பாறையில் இருந்தார்கள். மரகதம் மூன்று முறை எண்ணினாள். வெள்ளைச்சி காதைப் பிழிந்து காய வைத்தபடியே ஈட்டியப்பனைத் திட்டித் தீர்த்தாள். அவனும் முள்ளைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு யாரோ ஈரப் பலாப்பழம் ஒன்றைப் பிளக்க, எல்லோருக்கும் சிரிப்பும் பசியும் திரும்பி வந்தன.

அப்போது சுருளி மெல்லச் சுருள் பிரிந்தான். அந்த வாரத்துக்கான வாக்கியத்தைப் பேசினான்.

"அண்ணே, உங்க பேரை முதல்ல எழுதாம எனக்கு அப்புறம் எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஈட்டியப்பன் கையில் இருந்த சுளையைக் கீழே வைத்தான்.

"உன் பேரைச் சுரண்டியிருப்பேன். 'உன் இலை பின்னால வரும், இரு'ன்னு நானே உன்கிட்ட சொல்லிட்டு, ஏறி வந்திருப்பேன்."

நீதி: பெயருக்கு வீடு ஒன்று, வீட்டுக்குப் பெயர் பல, ஏட்டைத் திருப்பினால் தலைகளை எண்ணிப் பார்.