தொட்டிக்குப் போட்ட மாலை

“நான் என்ன தப்பு செஞ்சேன் சாமி?”

சிவதாணு கேட்டது பாதி, அதட்டியது பாதி.

ஏச்சுச் சாமி ஆற்றங்கரை மண்டபத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அதையும் அருள் என்று கைகட்டி வாங்கிக்கொள்ளும் ஊர் அது. இப்படி ஒரு ஊருக்கு என்னத்தைச் சொல்லிப் புரியவைக்க!

“எம் மக ஆவுடைக்கு டெங்குவாம். பெரியாஸ்பத்திரியில கெடக்கா. கண்ணே தொறக்கலை. தினமும் பூசை நடக்கிற வீடு சாமி! ஒங்க உபதேசத்தை ஒரு நாளாவது மறந்திருப்பேனா?”

“எந்த உபதேசம்ல?”

“போன மாசம் வீட்டுக்கு வந்தீகளே. எப்பவும் ஏசுவீக. அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. முத்தத்துல கால் கழுவுற தொட்டியைக் கவுத்துட்டுப் போயிட்டீக. மனசைக் காலி பண்ணுன்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

“பொறவு?”

“தொட்டியை நிமித்தித் தண்ணி நெறைச்சு, மாலை போட்டு வச்சிருக்கேன். வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து கும்பிடுதாவ. தண்ணி கொறைஞ்சா ஊத்துவேன். ஒரு சொட்டு கொட்ட விடமாட்டேன். கொசு மொய்க்குது, கொட்டுங்கன்னு வீட்டுல சொன்னா. அவளை ஏசிட்டேன்.”

சாமி ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

சிவதாணு பின்னால் ஓடினார். சாமி பேசாமல் போவதைப் பார்த்துத் தெருவே கூட வந்தது. மறுபடியும் ஒரு உபதேசம் கிடைக்கும் என்று ஆளாளுக்கு ஆசை.

முற்றத்தில் தொட்டி இருந்தது. செவ்வந்தி மாலை, விபூதிப் பட்டை, பக்கத்தில் ஒரு விளக்கு.

சாமி உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி சிவதாணுவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் புழுக்கள் நெளிந்தன.

“என்னதுல இது?”

“நல்ல தண்ணி சாமி. தெளிஞ்ச தண்ணி.”

“நல்ல தண்ணியிலதாம்ல இந்தக் கொசு வளரும்! கோட்டிக்காரா! பகல்ல கடிக்கிற கொசுல இது!”

கூட்டம் கைகூப்பியது. சாமிக்குக் கோபம் தலைக்கேறியது.

“அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துது! பேச முடியலை! புழுவைப் பாத்தேன், கவுத்தேன். அவ்வளவுதாம்ல! கொசு வளத்து மாலை போட்டிருக்கியே, மூதி!”

சிவதாணு தண்ணீரைப் பார்த்தார்.

“எம் பொஞ்சாதி சொன்னா,” என்றார்.

பிறகு மாலையைப் பிய்த்து எறிந்தார். தொட்டியைக் கவிழ்த்தார். தண்ணீர் வெயிலில் காய்ந்த மண்ணில் பரவி வற்றியது.

“கொட்டினா மட்டும் போதாது,” என்றார் சாமி. “உள்ள ஒட்டிக்கிட்டு முட்டை இருக்கும். தேய்.”

சிவதாணு தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். விரல்முட்டி உரிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

சாமி கொல்லைப்பக்கம் போனார். அங்கே எதையோ காலால் எத்திக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

கூட்டத்தில் பட்டுத் துண்டு போட்ட ஒருவர் மெல்லக் கிட்டே வந்தார். அவர் கண்ணில் பக்தி வழிந்தது.

“அண்ணாச்சி, சாமி தேய்க்கச் சொன்னாகளே. அதுக்கு உள்ளர்த்தம் என்ன?”

சிவதாணு தலையைத் தூக்கினார். அவர் வீசிய நார் பட்டுத் துண்டுக்காரரின் நெஞ்சில் போய் அறைந்தது.

“அர்த்தமா வேணும்? பெரியாஸ்பத்திரியில கண்ணு தொறக்காமக் கெடக்கா எம் பிள்ளை. போய் அவகிட்டக் கேளும்வே!”