குழாய்க்குச் சேவல் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில், சேவல்கள் கூவுவதோடு நிற்காமல் வாயும் அடித்த நாளில், ஜெர்மன் தேசத்தில் காட்டோரக் கிராமம் ஒன்றில் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. முப்பது வீட்டுக்கும் மிஞ்சியது ஒரே ஒரு மரப்பீப்பாய்த் தண்ணீர். பீப்பாயின் அடியில் ஒரு துளை, துளைக்கு ஒரு தக்கை. தக்கையைப் பிடுங்கினால் குவளைக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி. இப்படியே போனால் நாலு நாள்கூடத் தாங்காது.

பீப்பாய் செய்கிற ஹெட்விக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அவள் வீட்டுச் சேவல் தொண்டையைக் கனைத்தது. அந்த ஊர்ப் பாஷையில் சேவலுக்கு 'ஹான்' என்று பெயர்.

"அம்மணி, என் கழுத்தைப் பாருங்க. வேணும்னா கூவுவேன், போதும்னா நிறுத்துவேன். ஒரு சொட்டுச் சத்தம் வீணாகுதா?"

"பெருமையைப் பாரு!" என்றாள் ஹெட்விக். ஆனாலும் பார்த்தாள். வளைந்த கழுத்து. திறந்து மூடும் அலகு. மேலே, பிடித்துத் திருகத் தோதாக ஒரு கொண்டை. சட்டென்று உளியையும் ஒரு மரக்கட்டையையும் எடுத்தாள்.

"அப்படியே அசையாம நில்லு. கைவசம் இருக்கிறது இந்த ஒரு கட்டைதான். நீ துள்ளினா என் கை பதறும், கட்டை பிளந்துரும்."

ஒரு நிமிஷம் சும்மா இராத ஜன்மம், உச்சி வெயிலில் அலகைத் திறந்தபடி நின்றது. அவள் குனிந்த தலை நிமிராமல் செதுக்கினாள்.

அப்போது காட்டிலிருந்து ஒரு நரி வந்தது. சேவல் அதைப் பார்த்துவிட்டது. ஒரு கூவல் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் உளி இன்னும் மரக்கொண்டையில் இருந்தது. நரி வாலைக் கவ்வியது. அப்போதும் மூச்சு விடவில்லை, என் ராஜா! நானாக இருந்தால் ஊரே கேட்க அலறியிருப்பேன்.

"முடிஞ்சுது!" என்றாள் ஹெட்விக். அதற்குப் பிறகுதான் கூவியது, காடே அதிர. அவள் சுத்தியலை வீசினாள். நரி வாய் நிறைய இறகோடு ஓடியது.

மரக்கழுத்தைத் துளையில் பொருத்திக் கொண்டையைத் திருகினாள். குவளை நிறைந்தது. திருப்பித் திருகினாள். நின்றது. மழை வரும்வரை அந்தத் தண்ணீர் முப்பது வீட்டுக்கும் போதுமானதாக இருந்தது.

"உனக்கு என்ன வேணும், சொல்லு. கோதுமையா?"

"கோதுமை தின்னா தீர்ந்துடும். இந்தக் குழாய்க்கு என் பேரை வையுங்க," என்றது வாலில்லாத சேவல்.

அன்று முதல்தான் ஜெர்மன் தேசத்தில் சேவலுக்கும் ஹான், குழாய்க்கும் ஹான். தாகத்தோடு வருகிறவர் ராஜாவே ஆனாலும் அங்கே ஒரு சேவலின் முன்னால் குனிந்துதான் குவளையை நீட்டுகிறார்.