கூத்துக் கட்டணம் கூடிய கதை

மேலக்கானூர் அரண்மனையில் சமையல்காரர் ஒரு நாள் வராவிட்டால்கூடச் சமாளித்துவிடுவார்கள். பாவைக்கூத்து நடக்காவிட்டால்தான் தாங்காது. விளக்கு வைத்ததும் ராஜா கொண்டம நாயக்கரும் ராணி நாகம்மாவும் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூத்து நடத்தும் சாமா ராவுக்கு மாதம் இருபது வராகன்.

ஒரு நாள் சாமா ராவ் சபைக்கு வந்து கும்பிட்டார்.

"பிரபு, அடுத்த மாதத்திலிருந்து முப்பது வராகன். எண்ணெய் விலை ஏறிவிட்டது, தோல் விலை ஏறிவிட்டது. புதிதாக நூறு கதை வேறு சேர்த்திருக்கிறேன்."

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "நூறு கதையா? நான் பார்ப்பது அந்தக் குரங்குச் சண்டை ஒன்றைத்தானே!"

"நீங்கள் பார்க்காத கதைக்கும் நான் பாவை செய்துதானே வைத்திருக்கிறேன், பிரபு?"

இப்படி மடக்கப்படும்போதெல்லாம் ராஜா ஒருவரைத்தான் பார்ப்பார்: மந்திரிகள் வரிசையில் கடைசியில் நிற்கும் நல்லபெருமாளை.

"நல்லபெருமாள்! இருபதுக்கு மேல் என் கையிலிருந்து ஒரு காசு போகக் கூடாது. கூத்தும் நிற்கக் கூடாது. இவர் கோபித்துக்கொண்டு பக்கத்து ராஜ்யத்துக்குப் போய்விடவும் கூடாது. இப்போதே முடித்து வையும். இல்லையென்றால் நாளை முதல் யானைக் கொட்டடியில் சாணம் அள்ளும்!"

நல்லபெருமாளுக்கு ஏற்கெனவே இடுப்புவலி. அரண்மனையில் யானைகளோ பதினாறு. அவர் கலக்கத்தோடு சபையைச் சுற்றிப் பார்த்தார். சிம்மாசனத்துக்குப் பின்னால் பட்டுத் திரை. அதன் பின்னால் ராணியின் வளையல் லேசாகக் குலுங்கியது.

நல்லபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராவ்ஜி, புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மாதம் இலவசம் என்று ஊரெல்லாம் தமுக்கு அடிக்கிறீரே, உண்மையா?"

"உண்மைதான் ஐயா. பேர் கொடுத்தால் போதும்."

"அப்படியானால் மகாராஜா இன்றோடு விலகிக்கொள்கிறார். நாளை மகாராணி புதிதாகச் சேருகிறார். அடுத்த மாதம் அவர் விலகுவார், இளவரசர் சேருவார். பிறகு தளபதி. பிறகு நான். பிறகு சமையல்காரர்."

சபை கொல்லென்று சிரித்தது. சாமா ராவும் லேசுப்பட்டவர் அல்ல.

"அரண்மனையில் மிஞ்சிப்போனால் அறுபது பேர். ஐந்து வருஷத்தில் ஆள் தீர்ந்துவிடுமே, ஐயா?"

"தீர்ந்தால் என்ன? மகாராஜா இன்னொரு கல்யாணம் செய்துகொள்வார். புது ராணி வருவார். கூடவே அவருடைய அம்மா, தங்கைகள், தோழிகள் என்று முப்பது பேராவது வருவார்கள். முன்கூட்டியே ஆள் சேர்ப்பது நல்லது. முகூர்த்தத்தை இந்தத் தையிலேயே வைத்துக்கொள்ளலாம்."

ராஜா மெல்ல மீசையைத் தடவினார். யோசனை அவருக்குக் கசந்ததாகத் தெரியவில்லை.

பட்டுத் திரை படபடத்தது.

"ஒருவரும் விலக வேண்டாம்! ஒருத்தியும் சேர வேண்டாம்!" என்று ராணியின் குரல் சபையை உலுக்கியது. "அந்தப் பத்து வராகனை மாதாமாதம் நான் தருகிறேன்!"

திரையைத் தாண்டி ஒரு பணப்பை பறந்து வந்து சாமா ராவின் காலடியில் விழுந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனார்.

ராஜா நல்லபெருமாளை அருகில் அழைத்தார். "அவள் அங்கே இருப்பது தெரிந்துதான் பேசினீரா?"

"மகாராஜா, பாவைக்கூத்தில் திரைக்கு முன்னால் இருப்பவர்கள் என்றைக்காவது கதையை முடித்து வைத்ததுண்டா?"

விரலில் இறுகியிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்க ராஜாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. சிரிப்பு அடங்க அதைவிட நேரம் பிடித்தது.