புதுக்கோட்டைக்குப் போன லென்ஸ்

திருச்சியில் பழைய டிவி, டெக் பழுதுபார்க்கும் இர்ஃபானுக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த அருள்செல்விக்கு அறுபத்தொன்று. புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இர்ஃபான் அவரை டீச்சர் என்பார். டீச்சர் இர்ஃபானை உஸ்தாத் என்பார்.

அருள்செல்வியிடம் ஒரு லேசர் டிஸ்க் பிளேயர் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் வாங்கியது. பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியபடியே கெட்டுப்போனது. ஏலத்தில் டீச்சர் எடுத்தார். கூடவே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு டிஸ்க். எரிமலைகளைப் பற்றிய படம். ஒரு தரம்கூட ஓடாதது.

டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் நன்றாக இருந்தது. அதைச் சுழற்றும் மோட்டார்தான் போய்விட்டது. தேடாத இடமில்லை. கடைசியில் புதுக்கோட்டையில் ரெங்கநாதம் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரரிடம் அதே மாடல் இருப்பது தெரிந்தது. அதில் மோட்டார் சுற்றியது. லென்ஸ் செத்திருந்தது.

“மோட்டாரைக் குடுங்க.”

“நீங்க லென்ஸைக் குடுங்க.”

ஐந்து மாதமாகப் போனில் இதே பேச்சு.

ஒருநாள் காலை அருள்செல்வி கேட்டார். “உஸ்தாத், அந்த மனுஷன் மசிய மாட்டேங்கிறாரு. என்ன சொல்லி வாங்குறது?”

இர்ஃபான் டீச்சரின் பிளேயரைத் திறந்தார். லென்ஸைக் கழற்றிப் பஞ்சில் சுற்றினார். டீச்சரின் டிபன் பாக்ஸில் வைத்து மூடினார்.

“பத்தரை பஸ்ஸைப் பிடிச்சிடுங்க. டிஸ்க்கையும் எடுத்துக்குங்க.”

“அப்ப என் மெஷினு?”

“பஸ்ஸு போயிடும் டீச்சர்.”

புதுக்கோட்டையில், தனியாகப் போன டீச்சரின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த ரெங்கநாதம் ஸ்க்ரூடிரைவர் தேடி உள்ளே ஓடினார்.

அவருடைய பிளேயரில் டீச்சர் லென்ஸை மூன்று முறை மாட்டிக் கழற்றினார். நான்காவது முறை டிஸ்க் சுழன்றது. திரையில் ஒரு மலை வெடித்தது.

“ஏ யப்பா!” என்று ரெங்கநாதம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு மலையின் பெயரையும் படம் சொல்வதற்கு முன்பே டீச்சர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள்.

மறுநாள் டீச்சர் சிரித்த முகமாக இர்ஃபானின் கடைக்கு வந்தார். தன் பிளேயரைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது.

“உஸ்தாத், மோட்டார் இல்லாத மெஷின்ல இப்ப லென்ஸும் இல்ல. நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?”

“டிஸ்க் எங்க?”

“அங்கதான். அதுல இன்னொரு பக்கம் ஓடப் பாக்கி இருக்கு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. தெருவே வருதாம்.”

இர்ஃபான் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

“எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க டீச்சர்.”